லேப்டாப் மாற்றுவதா, வேண்டாமா?

என் லேப்டாப்புக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. 2017-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, எட்டு ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. நடுவில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். அதற்குப் பிறகு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன. விரலுக்கு இடம் தெரியும், அதனால் கவலையில்லை. பேட்டரிதான் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை.

இந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. அதனால் கணினி நின்றுபோய்விடாது. ஆனால் மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி தானாக வராது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் என் கணினிக்கு அந்தத் தகுதி இல்லை. இன்டெல்லில் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் வாசலுக்கு வெளியே நிற்கிறேன்.

கோவையில் இருக்கும் மகன் போனில் சொன்னான்: "அப்பா, இனிமே இதை வச்சுக்கிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்னாப்டிராகன் போட்ட லேப்டாப் ஒண்ணு வாங்கிருவோம். காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நிக்கும். பாதிப் பணம் நான் தாரேன்." கடையில் விசாரித்தேன். அறுபத்தையாயிரம் ரூபாய் சொன்னார்கள். என் பங்கு முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ஓய்வூதியக்காரன் ஒரே மூச்சில் எடுத்து வைக்கிற தொகை அல்ல அது. யோசிக்கப் பத்து நாள் கேட்டேன்.

அந்தப் பத்து நாளில் படித்ததையும், கடையில் பார்த்ததையும், கடைசியில் எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கேள்வி இப்போது வந்திருக்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'செயலி' என்றால் போனில் இருக்கும் ஆப்புக்கும் அதுதான், கணினிக்குள் இருக்கும் பிராசஸருக்கும் அதுதான். குழப்பம் வேண்டாமென்று இந்தக் கட்டுரை முழுக்க பிராசஸர் என்றே எழுதுகிறேன்.

பிராசஸருக்கு ஒரு மொழி உண்டு. 'இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, இங்கே வை' என்பது போன்ற சிறுசிறு கட்டளைகள்தான் அந்த மொழி. நம் வீட்டு விண்டோஸ் கணினிகளில் இதுவரை இருந்தது இன்டெல் 1978-இல் கொண்டுவந்த 8086 என்ற சில்லின் வம்சம். அதன் மொழியை எக்ஸ்86 என்கிறார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசஸர்களும் பேசுவது அதே மொழிதான். எழுத்துகள் மட்டும் தெரிந்த டாஸ் காலம் தொட்டு இன்று வரை, அந்த வம்சத்துக்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் ஆயிரமாயிரம்.

இன்னொரு வம்சம் ஏ.ஆர்.எம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்றொரு சிறிய நிறுவனம் இருந்தது. பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியைச் செய்தவர்கள் அவர்கள்தான். 1984-இல் நம் மத்திய அரசு பள்ளிகளில் கணினி கற்றுத்தர 'கிளாஸ்' என்ற திட்டம் தொடங்கியபோது, நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்து இறங்கியதும் அதே பி.பி.சி. மைக்ரோதான். அப்போது ஆசிரியராக இருந்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்த ஏகார்னில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் முன்னின்று ஒரு புதிய பிராசஸரை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு கைக்கு வந்தது. பொருத்தியதும் வேலை செய்தது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் அசையவில்லை. தேடிப் பார்த்தபோது, அந்தச் சில்லுக்குப் போக வேண்டிய மின் இணைப்பே வரவில்லை என்று தெரிந்தது. அக்கம்பக்கத்துச் சில்லுகளிலிருந்து கசிந்து வந்த கொஞ்ச மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! அந்தச் சிக்கனம்தான் பின்னாளில் அதைக் கைப்பேசிகளுக்குள் கொண்டு சேர்த்தது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஏ.ஆர்.எம். வம்சம் என்று தாராளமாகச் சொல்லலாம். மகன் சொன்ன ஸ்னாப்டிராகனும் அந்த வம்சம்தான்.

ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் பிராசஸரை மூன்று முறை மாற்றியிருக்கிறது. 1994-இல் மோட்டரோலாவின் பழைய வகையிலிருந்து பவர்பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் தாங்களே வடிவமைத்த ஏ.ஆர்.எம். வகை. கணினியும் அவர்களுடையது, அதில் ஓடும் இயங்குதளமும் அவர்களுடையது. அதனால் ஒரு பாதையைத் திறந்து, சில ஆண்டுகள் கழித்துப் பழைய பாதையை அடைத்துவிட முடிகிறது. இப்போது வந்திருக்கும் டாஹோ என்ற பதிப்புதான் இன்டெல் ஆப்பிள்களுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்டால் அப்படிச் செய்ய முடியாது. விண்டோஸ் ஓடும் கணினிகளை ஊர்ப்பட்ட நிறுவனங்கள் செய்கின்றன. 2012-இல் விண்டோஸ் ஆர்.டி. என்று ஏ.ஆர்.எம்.முக்காக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. மக்கள் வாங்கவில்லை. மறு ஆண்டே 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. 2017-இல் மறுபடி முயன்றார்கள். அப்போது 32-பிட் மென்பொருள்களை மட்டும் மொழிபெயர்த்து ஓட்ட முடிந்தது. விண்டோஸ் 11-இல் 64-பிட்டும் சேர்ந்தது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் போட்ட லேப்டாப்புகள் கடைக்கு வந்தபோது, 'பிரிசம்' என்ற புதிய மொழிபெயர்ப்பாளரும் கூட வந்தார். எக்ஸ்86 மொழியில் எழுதிய மென்பொருளை, ஓடும்போதே ஏ.ஆர்.எம். மொழிக்கு மாற்றிக் கொடுப்பது இவர் வேலை. நன்றாகவே செய்கிறார் என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து ஆண்டு அந்த இலாகாவில் இருந்தவனுக்கு வேறு எது நினைவுக்கு வரும்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. அவர் பிணப்பெட்டி, இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இருந்தவர். நீங்கள் டயலைச் சுற்றி விட்டால், ஐந்து என்றால் ஐந்து முறை, ஏழு என்றால் ஏழு முறை லைனில் மின்சாரம் விட்டு விட்டு வரும். நொடிக்குப் பத்துத் துடிப்பு. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் செலக்டர் அந்தத் துடிப்புக்கு ஏற்ப 'கடக் கடக்' என்று ஏறித் திரும்பி நிற்கும். காலை பத்து மணிக்கு அந்த ஹாலுக்குள் நின்றால் ஆலங்கட்டி மழைக்குள் நிற்பது போல் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பல மாதங்கள் பக்கத்து அறையில் புதியதை நிறுத்தி, எல்லா லைனையும் இரண்டுக்கும் இணைத்து வைத்துச் சோதித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. பழைய பக்கத்து ஃபியூஸ்களை ஒரு குழு பிடுங்க, புதிய பக்கம் செருகியிருந்த காப்புத் துண்டுகளை இன்னொரு குழு உருவியது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மாறியது. அந்த இரும்பு மழை நின்றுவிட்டது. குளிர்சாதனத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும்தான். எங்களில் மூத்த மெக்கானிக் ஒருவர், "என்னய்யா, செத்த வீடு மாதிரி இருக்கு" என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு.

ஒன்று: வீடுகளில் இருந்த கறுப்பு டயல் போன்களை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புதிய எக்ஸ்சேஞ்ச் பொத்தான் போனின் ஓசையையும் புரிந்துகொண்டது, பழைய டயலின் துடிப்பையும் புரிந்துகொண்டது. போன் வைத்திருந்தவருக்கு மாற்றம் தெரியவே இல்லை. பிரிசம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டு: எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்கள் மட்டும் அன்று காலையே வாசலில் வந்து நின்றார்கள். பூத்தில் ரூபாய்க் கணக்குக் காட்டும் பெட்டி இருக்குமே, அது வேலை செய்யத் தொடங்க எதிர்முனையில் போனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து 'ரிவர்சல்' என்ற ஒரு சமிக்ஞை வர வேண்டும். அந்த லைனுக்கு அந்த வசதியைத் தனியாகக் கொடுத்தால்தான் வரும். போன் பேசும், பெட்டி ஓடாது. வாடிக்கையாளர் பேசிவிட்டுப் போய்விடுவார், பூத்காரர் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒவ்வொரு லைனாகச் சரிசெய்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

கணினியில் அந்தக் கணக்குப் பெட்டிக்குச் சமமானது டிரைவர். காரோட்டுபவர் அல்ல. ஸ்கேனர், பிரின்டர், கைரேகைக் கருவி போன்ற வெளிச்சாமான்களை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பிரிசம் சாதாரண மென்பொருள்களை மொழிபெயர்க்கும். டிரைவர்களை மொழிபெயர்க்காது. டிரைவர் விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது. அது ஏ.ஆர்.எம். மொழியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதித் தர வேண்டியவர் அந்தச் சாமானைச் செய்த நிறுவனத்தார். பத்து வருடத்துக்கு முன் விற்ற ஸ்கேனருக்கு இன்று உட்கார்ந்து யார் எழுதித் தருவார்கள்?

எனக்கு முக்கியமான சாமானும் அந்த வகையில்தான் வருகிறது. அது கைரேகைக் கருவி.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற கணினி வழி ஏற்பாடு வந்தது. ஆதாரோடு கைரேகை ஒத்துப்போனால் சான்று தானாகப் போய்ச் சேரும். ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு கைரேகைக் கருவி வாங்கி லேப்டாப்பில் இணைத்து, எங்கள் சங்கத்து ஆட்களுக்குச் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். அப்புறம் தெருவில் உள்ளவர்கள் வந்தார்கள். பிறகு பீடி சுற்றும் பெண்கள் வந்தார்கள்.

எங்கள் தாமிரபரணிப் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றாத பெண் கை குறைவு. பல ஆண்டுகள் வைப்பு நிதி பிடித்ததால், வயதான பின் அவர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். இன்றும் அதே ஆயிரம்தான். அவர்களுக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பர் என்ற கணக்கு இல்லை. ஆகவே என் வீட்டு வாசலுக்கு எல்லா மாதமும் யாராவது ஒருவர் வருவார்.

ஆயிரம் ரூபாய்தானே என்று நாம் நினைக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் இல்லை. அந்த ஆயிரமும் முதியோர் உதவித்தொகையும்தான் அவர் வருமானம். போன ஆண்டு வேறொரு இடத்தில் போய்க் கைரேகை வைத்திருக்கிறார். பதிவாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ரேகை ஒத்துப்போகவில்லை, சான்று போகவில்லை. மூன்று மாதம் பணம் வரவில்லை. இரண்டு மாதத்து மாத்திரையை ஆச்சி வாங்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஐம்பது வருடம் இலை வெட்டிச் சுருட்டிய விரல்கள் அவை. "ரேகையெல்லாம் இலையோடயே போயிட்டுல்லா தம்பி" என்றார் ஆச்சி, சிரித்துக்கொண்டே. இப்போது நான்தான் அவருக்குச் செய்து கொடுக்கிறேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தால் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளும்.

ஆச்சியைப் போல நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கேதான் இந்த இருபது நிமிட பேட்டரி தகராறு செய்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காது. இருந்தால் கரண்ட் இருக்காது. ஒரு முறை எட்டாவது விரல் வைக்கும்போது திரை அணைந்துவிட்டது.

ஆக, நாள் முழுக்கத் தாங்கும் ஏ.ஆர்.எம். லேப்டாப் எனக்கு நியாயமாக வேண்டிய பொருள். ஆனால் எதற்காக அது வேண்டுமோ அந்தக் கைரேகைக் கருவி அதில் ஓடாது. என் கருவியைச் செய்தவர்களின் தளத்தில் தேடிப் பார்த்தேன். விண்டோஸுக்கான டிரைவர் பட்டியலில் ஏ.ஆர்.எம். என்ற பேச்சே இல்லை. கடைக்கே கருவியைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். கடைப் பையன் பொறுமைசாலி, ஒத்துழைத்தான். கருவியின் விளக்குகூட எரியவில்லை. "சார், இன்டெல்லா வாங்கிக்கோங்க. பிரச்சினையே இல்லை" என்றான்.

அவன் சொன்னதும் யோசிக்க வேண்டியதுதான். ஏ.ஆர்.எம். வந்ததால் எக்ஸ்86 படுத்துவிடவில்லை. போட்டி வந்ததும் இன்டெல்லும் விழித்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் கோர் அல்ட்ரா 200வி என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள். மின்சாரச் சிக்கனத்தைக் குறிவைத்தே செய்தது. அடுத்த மாதமே பரம வைரிகளான இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சேர்ந்து, எக்ஸ்86-ஐக் காப்பாற்ற ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். இரண்டு வம்சமும் இன்னும் பல காலம் அக்கம்பக்கமாக ஓடும் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரே இரவில் ஃபியூஸைப் பிடுங்கும் மாற்றம் இல்லை இது. எனவே அவசரமும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். என் லேப்டாப் பார்க்கும் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் பிராசஸரோடு கட்டப்பட்டதா என்று எதிரே குறித்தேன்.

பேங்க் வேலை, மின்கட்டணம், ரயில் டிக்கெட், செய்தித்தாள்: எல்லாம் பிரவுசரில். எந்தப் பிராசஸரிலும் நடக்கும்.

தமிழ்த் தட்டச்சு: நான் தமிழ்99. விண்டோஸிலேயே இருக்கிறது. கவலையில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் கொஞ்சம் உண்டு. எழுத்துரு ஒரு டிரைவர் அல்ல, வெறும் கோப்புதான். எங்கே வைத்தாலும் திறக்கும்.

சங்கக் கணக்கு: எக்செல். இரண்டிலும் உண்டு.

பேத்தியோடு வீடியோ பேச்சு: போனிலேயே நடக்கிறது.

ஸ்கேனர்: பழையது. என் தகப்பனார் ஊர்க்கோவில் கணக்கராக இருந்தபோது எழுதிய கணக்குப் புத்தகங்கள் இருபத்திரண்டு உள்ளன. ஒன்பது முடித்துவிட்டேன். காகிதம் தொட்டால் உதிர்கிறது. நிறுத்த முடியாது. பழைய லேப்டாப்பில் மட்டும்தான் இந்த ஸ்கேனர் ஓடும்.

கைரேகைக் கருவி: எக்ஸ்86 விண்டோஸ் வேண்டும்.

ஆறு வேலையில் இரண்டுதான் பிராசஸரோடு கட்டுண்டவை. அந்த இரண்டில் ஸ்கேனர் மேசையை விட்டு நகராதது. பேட்டரி எப்படி இருந்தால் என்ன? வெளியே எடுத்துப்போக வேண்டிய வேலை கைரேகை மட்டுமே. அந்த ஒரு வேலைக்கு வேறு வழி இருந்தால், அறுபத்தையாயிரம் ரூபாய்க் கேள்வியே விழுந்துவிடும்.

வழி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

2021 நவம்பரில் ஜீவன் பிரமாணுக்கு முக அடையாள முறையும் வந்தது. போனில் இரண்டு செயலிகள் போட வேண்டும். ஒன்று ஜீவன் பிரமாண் செயலி, மற்றது ஆதாரின் முக அடையாளச் செயலி. போனை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட வேண்டும். அவ்வளவுதான். எங்கள் சங்கத்தில் சிலருக்கு இதை நான் ஏற்கெனவே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டைவிட்டு வர முடியாதவர்களிடம் செய்து பார்த்ததில்லை. அவர்கள் வீடுகளில் வெளிச்சம் போதாது, கண் அறுவை செய்தவர்கள், சிமிட்டச் சொன்னால் கண்ணை மூடியே வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் ஒரு தயக்கம்.

ஆச்சியின் சான்றுக்கு இந்த மாதம்தான் கெடு. போனையும் கைரேகைக் கருவியையும் எடுத்துக்கொண்டு போனேன். முகம் ஒத்துப்போகாவிட்டால் கருவியைப் போனிலேயே செருகிப் பார்க்கலாம் என்று ஓ.டி.ஜி. கேபிளும் வாங்கி வைத்திருந்தேன். விண்டோஸுக்கு எழுதித் தராத அந்த நிறுவனம் ஆண்ட்ராய்டுக்கு எழுதித் தந்திருக்கிறது. போனுக்குள் இருப்பது ஏ.ஆர்.எம். என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆச்சியைக் கட்டிலிலிருந்து எழுப்பி, வாசல் திண்ணையில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்தோம். "கண்ணைச் சிமிட்டுங்க ஆச்சி" என்றேன்.

"யாரைப் பார்த்துச் சிமிட்ட? இந்த வயசுலயா?" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பில் முதல் முறை படம் கலைந்துவிட்டது. இரண்டாம் முறையும் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். மூன்றாவது முறை பச்சை விழுந்தது. சான்றின் எண் திரையில் வந்தது. பத்து விரலையும் தேய்க்காமல், ஐந்து நிமிடத்துக்குள்.

ஆச்சி கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ரேகை வைக்கலையா?" என்றார்.

"வேண்டாம் ஆச்சி. முடிஞ்சுட்டு."

"முகத்தைப் பார்த்தே உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டானா? நல்ல பிள்ளைதான்" என்றார்.

கேபிளையும் சோதித்துவிடலாம் என்று, எதிர் வீட்டு அம்மா ஒருவருக்குக் கைரேகை வழியில் செய்து பார்த்தேன். அவருக்கும் சான்று கொடுக்க வேண்டிய மாதம் இதுதான். கருவியின் விளக்கு எரிந்தது, இரண்டாவது விரலில் ஒத்துக்கொண்டது. ஆக முகம் ஒரு வழி, விரல் இன்னொரு வழி. இரண்டுக்கும் லேப்டாப் வேண்டாம்.

மீதி இருப்பது பாதுகாப்புத் திருத்தக் கேள்வி. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு என்று இ.எஸ்.யூ. திட்டம் ஒன்று. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். 30 டாலர் கட்டிச் சேரலாம். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பேக்கப் வசதியை இயக்கினால் கட்டணமில்லை. உங்கள் விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போனால் சேர்வதற்கான சுட்டி தெரியும். கட்டணமில்லாத வழியில் நான் சேர்ந்துவிட்டேன்.

மகனைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னேன். இந்த ஓராண்டு பழைய லேப்டாப் மேசை மேலேயே இருக்கும். ஸ்கேனரோடு கோவில் கணக்குப் புத்தகங்களை முடிக்கும். அடுத்த அக்டோபருக்குள் மீதிப் பதின்மூன்றையும் முடிப்பது என் பொறுப்பு. முடிந்த பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்கேனருக்கு மட்டும் என்று அதை ஓரமாக வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வாங்கப்போகும் லேப்டாப்பில் டிரைவர் கட்டு எதுவும் இருக்காது. ஏ.ஆர்.எம். ஆனாலும் சரி, எக்ஸ்86 ஆனாலும் சரி, அன்றைக்கு எது மலிவோ அது.

"அப்போ நான் தாரேன்னு சொன்ன பணம்?" என்றான்.

"அதுல பாதியை அனுப்பு. நல்ல கேமரா உள்ள போன் ஒண்ணு சங்கத்துக்கு வாங்கணும். நான் இல்லாத நாள்ல வேற யாராவது எடுத்துட்டுப் போகணும்ல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பதினாறாயிரம் வந்துவிட்டது.

உங்களில் யாராவது இதே யோசனையில் இருந்தால், கடைக்குப் போகுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் உங்கள் பிராசஸர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப்போடு கேபிளில் செருகும் சாமான்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ.ஆர்.எம். 64 டிரைவர் உண்டா என்று செய்தவரின் தளத்தில் பாருங்கள், அல்லது கடைக்கே கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். பட்டியலில் ஒன்றுமில்லை, பிரவுசரும் வீடியோவும்தான் என்றால், ஏ.ஆர்.எம். லேப்டாப்பைப் பயமில்லாமல் வாங்கலாம். பேட்டரி விஷயத்தில் வருத்தப்பட மாட்டீர்கள். வருமான வரிக்கோ டெண்டருக்கோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்கள், பழைய பிரின்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் சோதித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

சங்கத்துக்கான போன் நேற்று வந்தது. நவம்பர் பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நாளைக்கு வடக்குத் தெருவிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். எண்பது தாண்டியவர்கள் அந்தத் தெருவில் ஆறு பேர்.